அலமாரிக்குள் நின்ற பெரியவர்

ரசம் நுரை கட்டும் நேரம் பார்த்துத்தான் போன் அடிக்கும். அடுப்பை விட்டு நகர முடியாது. நகராமல் இருந்தாலும் மனசு கேட்காது. சுவரில் மாட்டிய போன் அது. சுருள் சுருளான ஒயரை இழுத்துக்கொண்டு, ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் கரண்டியோடு நிற்பேன்.

"சாந்தா, சமையல் ஆச்சா?"

"ரசம் மட்டுந்தானுங்க பாக்கி."

"பாப்பா?"

"ஹோம்வொர்க் பண்ணிட்டிருக்கா."

"கதவு?"

"பூட்டியாச்சுங்க. செயினும் போட்டாச்சு."

அடுத்த கேள்வி எது என்று எனக்குத் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்.

"பெரியவர் ரெடியா இருக்காரா?"

"இருக்காருங்க."

"எங்க நிக்கறாரு?"

"நின்ன எடத்துலயேதான் நிக்கறாரு. அவரு எங்க போகப் போறாரு?"

அதைக் கேட்ட பிறகுதான் அவர் குரலில் ஒரு தளர்வு வரும். "சேரி, சாப்பிடுங்க" என்று வைத்துவிடுவார். அதற்குள் ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் ரசம் நுரை கட்டும்போது என் காது போனைத் தேடுகிறது.

யார் அந்தப் பெரியவர்?

டிரைவிங் டெஸ்டில் நான் திரும்பத் திரும்பத் தோற்ற கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்துவிட்டுத் திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "டெக்ஸாஸில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்குமாமே, உங்கள் வீட்டிலும் இருந்ததா?" என்று கேட்கிறார். இருந்ததம்மா. அதுதான் பெரியவர்.

தொண்ணூறுகளின் முதல் பாதி. டாலஸுக்குப் பக்கத்தில் இர்விங் என்ற ஊர். அபார்ட்மென்ட்டை விட்டு ஒரு சின்ன வாடகை வீட்டுக்குக் குடி வந்திருந்தோம். என் வீட்டுக்காரர் வேலுசாமி கம்ப்யூட்டர் கன்சல்டன்ட். பேரைக் கேட்டால் பெரிய உத்தியோகம் போல இருக்கும். நடைமுறையில், கம்பெனி எந்த ஊருக்குப் போகச் சொல்கிறதோ அந்த ஊருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்போது ஹூஸ்டனில் ப்ராஜெக்ட். திங்கள்கிழமை விடிந்ததும் போனால் வியாழக்கிழமை இரவு வருவார். மாட்டேன் என்று சொல்லவும் முடியாது, எங்கள் க்ரீன் கார்டு ஃபைல் அந்தக் கம்பெனியின் கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெட்டி கட்டுவார். எங்கள் மகள் ப்ரியாவுக்கு அப்போது ஆறு வயசு இருக்கும். பெட்டி மூடாது என்பதால் அவள் ஏறி மேலே உட்கார வேண்டும், அவர் சுற்றி வந்து ஜிப்பை இழுப்பார். அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. மறுநாளிலிருந்து நாலு நாளைக்கு அந்த வீட்டில் நானும் அவளும் மட்டும்தான்.

வசந்தி வீட்டில் ஒரு மத்தியானம்

இரண்டு தெரு தள்ளி வசந்தி இருந்தாள். ஈரோட்டுக்காரி. டெக்ஸாஸில் கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியில் வளர்த்துக் காப்பாற்றிய கெட்டிக்காரி. ஒரு நாள் பட்டப்பகலில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். பின்கதவை உடைத்துக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். அவளைத் தொடவில்லை. "கோல்ட், கோல்ட்" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். வளையல், ஆரம், குழந்தையின் அரைஞாண் எல்லாவற்றையும் அவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

இந்தியர்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்று திருடர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துகளில் பெண்களுக்கு வேறு பேச்சே கிடையாது, நகையை எங்கே ஒளிப்பது என்பதுதான். துவரம்பருப்பு டப்பா என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி ஃப்ரீசரில் முருங்கைக்காய்ப் பாக்கெட்டுக்கு நடுவே வைத்துவிட்டு, தான் வைத்ததையே மறந்துபோய், சாம்பார் வைக்கும்போது நெக்லஸைக் கண்டெடுத்தாள். நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். வசந்தி மட்டும் சிரிக்கவில்லை. "நகை போனாப் போகுது சாந்தா. அவனுக கொழந்தையப் பாத்தானுக பாரு" என்றாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அந்த வாரக் கடைசியிலேயே பெரியவர் வந்து சேர்ந்தார்.

கார்ப்பெட்டில் பாடம்

வாங்கக் கூடப் போனவர் டேல். இவரோடு முன்பு வேலை பார்த்த அமெரிக்கர், நல்ல மனுஷன். எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வருவார், காரக் குழம்பைக் கண்ணில் தண்ணீர் வழியச் சாப்பிடுவார். வீட்டில் பெண்டாட்டியும் பிள்ளையும் தனியாக இருந்தால் குண்டுகளைச் சிதற அடிக்கும் ஷாட்கன்தான் சரி, குறி பார்க்கக்கூடத் தேவையில்லை என்று சொன்னாராம். வாங்கிய அன்றைக்கு இருவரும் போய் நாலைந்து குண்டு சுட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

திரைச்சீலையை எல்லாம் இழுத்து மூடிவிட்டு ஹால் கார்ப்பெட்டில் உட்கார வைத்து எனக்குப் பாடம் எடுத்தார். ப்ரியா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். நைட்டியைக் கொத்தாக மடித்துக்கொண்டு, மடியில் துப்பாக்கியோடு நான் உட்கார்ந்திருந்த கோலத்தை என் அம்மா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாள்.

தோட்டா சிவப்பு பிளாஸ்டிக், அடியில் பித்தளைப் பூண். தீபாவளி லட்சுமி வெடியைப் போல அழகாகவே இருந்தது. அடிப்பக்கம் வழியாக ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். உள்ளே போய் உட்காரும்போது ஒரு 'க்ளக்'. அப்புறம் முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் தோட்டா சுடும் இடத்துக்கு வந்துவிடும்.

"அந்தக் கடைசி வேலை மட்டும் ஆபத்து வந்தாத்தான். மத்தபடி எப்பவும் லோட் பண்ணியே இருக்கோணும்" என்றார்.

"பாப்பா இருக்கற வீடுங்க. குண்டைத் தனியா வெச்சாப் பத்தாதா?"

"திருடன் வந்து காலிங் பெல் அடிச்சுட்டு, நீ குண்டு போடற வரைக்கும் வெளிய நிப்பானா? லோட் பண்ணாத துப்பாக்கிக்கு ஒலக்கையே மேல்."

பெட்ரூம் க்ளாசெட்டின், அதாவது ஆள் உள்ளே நிற்கும் அளவு பெரிய துணி அலமாரியின், உள்மூலையில் நிறுத்தினார். கதவின் உச்சியில், நானே எக்கித்தான் தொட வேண்டிய உயரத்தில், ஒரு தாழ்ப்பாள் அடித்தார். என் பட்டுப் புடவைகள் தொங்கும் வரிசைக்குப் பின்னால் பெரியவர் குடியேறினார். பெயரும் அன்றைக்கே வைத்ததுதான். போனில் துப்பாக்கி என்று பேசினால் பாப்பா கேட்டுவிடுவாள் அல்லவா?

இவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவர் ஊரில் இல்லாத அந்த மூன்று ராத்திரியும் நான் தூங்கியதில்லை. வெளியே சத்தம் கேட்டால் திருடனோ என்று பயம். உள்ளே சத்தம் கேட்டால் ப்ரியா நாற்காலி போட்டு ஏறிவிட்டாளோ என்று பயம். முன்பெல்லாம் ஒரு பயத்தோடு இருந்தவள், இப்போது இரண்டு பயத்தோடு இருந்தேன். ஆனால் போனில் அந்தத் தளர்ந்த "சேரி"யைக் கேட்ட பிறகு இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

பொள்ளாச்சி எண்ணெய்

துப்பாக்கிக்கு என்று ஒரு எண்ணெய் உண்டு. அதை டேல் கொடுத்திருந்தார். மண்ணெண்ணெயும் மருந்தும் கலந்த மாதிரி ஒரு நெடி. இரண்டே வாரத்தில் என் கூறைப்புடவை மெக்கானிக் ஷெட் வாடை அடித்தது. நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு இவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

இவர் பொள்ளாச்சிப் பக்கம். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு தகர டின் தேங்காய் எண்ணெய் வந்துவிடும். அந்த வீட்டார் தலைக்கு அதுதான், தாளிக்க அதுதான், கதவுக் கீல் கிறீச்சிட்டால் அதுதான், சைக்கிள் செயினுக்கும் அதுதான். "எங்கப்பா மோட்டார் பம்ப்செட்டுக்கே இதைத்தான் விட்டாரு" என்று சொல்லிவிட்டு, பழைய பனியன் துணியில் எண்ணெயை நனைத்துப் பெரியவரைத் தேய்க்க ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் வாரா வாரம் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். முதலில் ப்ரியாவின் தலைக்கு, அடுத்தது அவர் தலைக்கு, கடைசியில் க்ளாசெட்டுக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டு பெரியவருக்கு. சந்து பொந்தெல்லாம் இறங்கட்டும் என்று தாராளமாக விடுவார். துப்பாக்கி கறுப்பு முடி போலப் பளபளத்தது. புடவைகளுக்கு நடுவே கோயில் பிராகார வாசனை.

குளிர்காலத்தில் அந்த எண்ணெய் பாட்டிலோடு உறைந்துவிடும். பள்ளிக்கூட நாளில் காலையில் பாட்டிலைச் சுடுதண்ணீரில் நிற்க வைத்து உருக்கித்தான் ப்ரியாவுக்குத் தலை வாருவேன். பாட்டிலில் உறைவது துப்பாக்கிக்குள்ளும் உறையுமே என்று, எம்.எஸ்சி. படித்த எனக்கும் தோன்றவில்லை, இன்ஜினீயரான அவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊர் எண்ணெய் எங்களுக்குக் கெடுதல் செய்யும் என்று யார்தான் நினைப்பார்கள்?

மிக்ஸிக்குப் பொட்டு, இவருக்கு இல்லையா?

ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. ஆயுத பூஜை வந்தது. அந்த வருஷம் வெள்ளிக்கிழமை, அவரும் ஊரில் இருந்தார். ஹாலில் மணை போட்டு மிக்ஸி, கிரைண்டர், கத்தரிக்கோல், வாக்குவம் க்ளீனர், ப்ரியாவின் புத்தகப் பை எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்தார்.

"ஏம்புள்ள, வீட்டுல இருக்கறது ஒரே ஒரு ஆயுதம். அதை உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டு, வாக்குவம் க்ளீனருக்கு ஆயுத பூஜை பண்றயே?"

நியாயமாகத்தான் பட்டது. தோட்டாக்களை எல்லாம் கழற்றி ஃப்ரிட்ஜ் உச்சியில் வைத்துவிட்டு, துப்பாக்கியைக் கொண்டுவந்து குழல் சுவரைப் பார்க்கும்படி படுக்க வைத்தார். ப்ரியாவைக் கூப்பிட்டு, இதைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டு, இதுதான் பெரியவர் என்றார். அவள் முகம் விழுந்துவிட்டது. க்ளாசெட்டுக்குள் ஒரு தாத்தா இருக்கிறார், கூச்சத்தில் வெளியே வரமாட்டேன் என்கிறார் என்றல்லவா அவள் இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள்?

"திஸ் இஸ் பெரியவர்?" என்றாள். "ஐ சேவ்ட் குக்கீஸ் ஃபார் ஹிம்!"

நாங்கள் சிரித்தோம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்தத் தாத்தாவுக்குப் பிஸ்கெட் கொடுக்க அவள் என்றைக்காவது நாற்காலியை இழுத்துக்கொண்டு போயிருந்தால்?

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியன்று எடுத்து ஒரு தடவையாவது உபயோகிக்க வேண்டும். பேனா என்றால் ஒரு வரி எழுத வேண்டும், தையல் மெஷின் என்றால் ஒரு மடிப்பு தைக்க வேண்டும், கார் என்றால் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஒரு சுற்றுப் போக வேண்டும். உபயோகிக்காமல் உள்ளே வைத்தால் வருஷம் பூராவும் விளங்காது என்பாள் என் அம்மா. நான் அதில் கறார்.

"அப்ப இதைச் சுடோணுமா?" என்றார் இவர்.

"வெச்சது நீங்க. சுட்டுத்தானுங்க ஆகோணும்."

பூசணிக்காய்

டேலுக்குப் போன் போட்டார். ஊருக்கு வெளியே டேலின் அண்ணனுக்கு மேய்ச்சல் நிலம் இருந்தது, அங்கே வரச் சொன்னார். நான் சும்மா போகவில்லை. திருஷ்டி கழிக்க வாங்கிய பூசணிக்காய் இருந்தது. நம் ஊர் வெள்ளைப் பூசணி அங்கே கிடைக்காது. அந்த மாசத்தில் கடை வாசலெல்லாம் குவிந்து கிடக்கும் மஞ்சள் பூசணிதான். குங்குமம் தடவி, சூடம் கொளுத்தி, மூன்று பேருக்கும் சுற்றிப்போட்டு எடுத்துக்கொண்டேன். தரையில் போட்டு உடைப்பதற்குப் பதில் சுட்டு உடைத்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும் என்று கணக்கு.

வேலிக் கம்பத்தின் மேல் பூசணிக்காயை உட்கார வைத்தார் டேல். நெற்றியில் குங்குமத்தோடு அது எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ப்ரியாவுக்கும் எனக்கும் காதுக்குப் பெரிய மூடி மாட்டிவிட்டு, எங்களைப் பின்னால் நிறுத்தினார்கள். பக்கத்து நிலத்தில் மாடுகள் மேய்ந்தன. நல்ல வெயில், காய்ந்த புல் வாசனை.

இவர் தோட்டா போட்டார். முன்பிடியை இழுத்தார். அது வர மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துத் தள்ளினார். தோளில் வைத்துக் குறி பார்த்துச் சுட்டார்.

'டிக்.'

அவ்வளவுதான். பூசணிக்காய் அப்படியே உட்கார்ந்திருந்தது. "டோன்ட் மூவ்" என்றார் டேல், தாமதித்து வெடிக்கலாம் என்று துப்பாக்கியை அப்படியே நேராகப் பிடித்தபடி சற்று நேரம் காத்திருக்கச் சொன்னார். பிறகு அந்தத் தோட்டாவைத் தள்ளிவிட்டு அடுத்தது. மறுபடியும் 'டிக்'. அதற்கடுத்ததும் அப்படியே.

டேல் துப்பாக்கியை வாங்கிக் காலி செய்து, கழற்றி, மூக்கருகே கொண்டுபோனார். "இதென்ன, பீச்சில் பூசுகிற லோஷன் வாசனை வருகிறது?" என்று இங்கிலீஷில் கேட்டார். அந்த லோஷனில் தேங்காய் வாசனைதான் இருக்கும். தோட்டாவின் பின்னால் ஒரு ஊசி போய் இடித்தால்தான் அது வெடிக்குமாம். அந்த ஊசியைச் சுற்றிப் பொள்ளாச்சி எண்ணெய் நாள்பட்டு இறுகி, வெயிலிலும் இளகாத மஞ்சள் பிசினாக ஒட்டியிருந்தது. ஊசி அசைந்தது, ஆனால் இடிக்கிற அளவுக்கு வேகம் இல்லை.

டேல் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு இவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டார்.

இவர் நேரே வேலிக்குப் போனார். பூசணிக்காயை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கித் தரையில் ஓங்கிப் போட்டார். விதையும் நாருமாகச் சிதறியது. க்ளீன் பண்ணித் தருகிறேன் என்று டேல் சொன்னார். இவர் துப்பாக்கியை அவரிடமே விட்டுவிட்டு காரில் ஏறிவிட்டார்.

திரும்பும் வழியில்

ஃப்ரீவேக்கு வரும் முன்பே ஒரு மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினார். பின்சீட்டில் ப்ரியா தூங்கிப்போயிருந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினார்.

"நான் அங்க மோட்டல்ல நிம்மதியாத் தூங்கினேன் புள்ள. ஒன்றரை வருசம். பெரியவர் ரெடியா இருக்காருன்னு நீ சொன்னதும், படுத்தா எந்திரிக்க மாட்டேன்."

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

"நான் ஒரு நாளும் தூங்கலீங்க" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். எங்களுக்காகத்தான் அந்தத் துப்பாக்கியை வாங்கினார், எங்களுக்காகத்தான் வாரா வாரம் எண்ணெய் போட்டார். கடைசியில் அது காவல் காத்தது ஹூஸ்டனில் அவருடைய தூக்கத்தை மட்டும்தான். அதை அவரால் தாங்க முடியவில்லை.

"சொல்லியிருக்கலாமல்லோ?" என்றார்.

"சொன்னா நீங்களும் தூங்க மாட்டீங்களே."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். எங்கள் தெருவில் திரும்பும்போது, "நாளான்னைக்கு நான் போகல" என்றார்.

"கம்பெனிக்காரன் ஃபைலை மூடிப்போடுவானுங்க."

"மூடட்டும்."

உண்மையாகவே மூடினான். டாலஸிலேயே வேறு வேலை தேடி, க்ரீன் கார்டுக்கு மறுபடி முதலிலிருந்து வரிசையில் நின்று, அது கைக்கு வர வருஷக்கணக்கில் ஆனது. நடுவில் என் அப்பா தவறியபோதுகூட, போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று ஊருக்குப் போக முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த முடிவை மாற்றியிருக்கலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. டேலும் துப்பாக்கியைத் திருப்பித் தரட்டுமா என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். அங்கேயே இருக்கட்டும் என்றுவிட்டார் இவர்.

பூசணிக்காய் உடைத்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ப்ரியா வழக்கம்போல வந்து பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள். பெட்டி அமுங்கியது. காலி.

"அப்பா, டுமாரோ இஸ் மண்டே."

"ஆமாங்க அம்மணி. நாளைக்கு நான்தான் உங்களை ஸ்கூல்ல விடப் போறேன்."

அவளை இறக்கிவிட்டு, காலிப் பெட்டியைத் தூக்கிக் க்ளாசெட்டின் உள்மூலையில், புடவைகளுக்குப் பின்னால் நிறுத்தினார். தாழ்ப்பாள் போடவில்லை.

திங்கள்கிழமை சாயங்காலம் ரசம் நுரை கட்டியது. நான் பழக்கத்தில் போனைப் பார்த்தேன். அது அடிக்கவில்லை. டேபிளில் உட்கார்ந்து கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்தவர், அதே பழக்கத்தில் தலை நிமிர்த்தாமலே கேட்டார்.

"கதவு?"

"நீங்களே போய்ப் பாருங்க" என்றேன்.

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.